சாவடியில் சொன்ன பாட்டு

வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் வந்தால் எங்கள் ஊரில் நடவு. நடவு என்றால் எங்கள் ஆத்தா முன்னால் பாடுவாள், மற்றப் பெண்கள் பின்னால் எடுப்பார்கள். வேற்றாள் எவனாவது வரப்பில் நடந்து போனால் விடமாட்டார்கள். காலடியில் நாற்று முடியை வைத்து மறிப்பார்கள். அவன் மீசையில் ஆரம்பித்து அவன் பெண்டாட்டி வரைக்கும் கேலிப் பாட்டு வரும். ஏதாவது கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவான்.

அதில் கொச்சைச் சொற்கள் இருந்தன. எனக்கு அர்த்தம் தெரியாது. பாட்டு தெரியும். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உட்கார்ந்து கேட்பேன். மடை திருப்பிக்கொண்டு நிற்கும், என்னைப் பெற்ற அய்யாவும் கேட்டுச் சிரிப்பார்.

அந்த வருடம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புதிதாக ஓர் ஏட்டு வந்திருந்தார். வடக்கே எங்கோ ஊர். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வரப்பில் வந்தார். ஆத்தா நாற்று முடியை வைத்தாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் பாட்டு முடியும்வரை நின்று கேட்டார். அப்புறம்தான், பொது இடத்தில் ஆபாசப் பாட்டுப் பாடுவது சர்க்கார் சட்டப்படி குற்றம் என்றார். ஆபாசம் என்கிற சொல்லையே நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

மறுநாள் காலை சாவடியில் விசாரணை. ஊர் முன்சீப் விசாரித்தார், கணக்குப்பிள்ளை எழுதினார். இன்ன பாட்டு என்று காகிதத்தில் ஏறினால்தான் செல்லும் என்றார் ஏட்டு. பாட்டைக் காதால் கேட்டவர் அவர்தான். ஆனால் தன் வாயால் சொல்லமாட்டேன் என்றுவிட்டார்.

ஆத்தாவைச் சொல்லச் சொன்னார்கள். சுற்றிலும் ஆண்கள். கூட நட்ட பெண்கள் தெருவோடு நின்றுவிட்டார்கள்.

"தண்ணிக்குள்ள நின்னு குனிஞ்சாத்தான் வரும் சாமி. இங்கன வராது."

"அங்கன மட்டும் மடை ஒடஞ்ச மாதிரி வந்துச்சாக்கும்," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

சொல்லாவிட்டால் உத்தமபாளையம் கோர்ட்டில் ஏற்றுவேன், அங்கே பத்து ஊர் ஆம்பளைகள் முன்னால் கேட்பார்கள் என்றார் ஏட்டு. ஆத்தா முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்போது அய்யா எழுந்து, நான் சொல்கிறேன் என்றார். ஆத்தா அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் கவனிக்கவில்லை.

சொன்னார். ராகம் கிடையாது. விதைநெல் அளக்கிறவர் மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைத்தார். ஓரிடத்தில் கணக்குப்பிள்ளை கையை நிறுத்தினார்.

"அந்தச் சொல்லு காதுல விழல. இன்னொருக்காச் சொல்லுப்பா."

அய்யா இன்னொருக்காச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வயலில் கேட்கிற சிரிப்பு இல்லை அது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கோர்ட்டு வேண்டாம், பாடினவள் பொழுது சாயும்வரை சாவடியில் உட்காரட்டும் என்று முன்சீப் முடித்தார். மத்தியானம் நான் என் வயதுச் சோட்டுப் பிள்ளைகளோடு அந்தப் பக்கமாகப் போனேன்.

"ஏத்தா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா," என்று ஆத்தா கூப்பிட்டாள்.

"ஒங்காத்தா கூப்புடுதுடி," என்றாள் ஒருத்தி. நான் திரும்பவில்லை. யாரோ எவளோ என்பதுபோல் நடந்தேன்.

வரப்பைத் தாண்டாத பாட்டு அது. காகிதத்தில் ஏறியபின் ஓடைப்பட்டி வரைக்கும் போனது. ஆண்கள் ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். சந்தைக்குப் போன அய்யாவின் முகத்துக்கு நேரேயே ஒருவன் சொன்னானாம். அன்று அவர் வீட்டுக்கு வந்து துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். ஆத்தா அடுப்படியில் இருந்தாள். அவள் சாவடியிலிருந்து வந்த நாள் முதலே அவரிடம் பேச்சில்லை.

கடைசியில் அவர்தான் ஆரம்பித்தார். "ஒன்னயக் கோர்ட்டுல ஏத்தாம மீட்டது நானு. எம்மேல என்ன கோவம்?"

ஆத்தா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "நீங்க சொன்னது எம் பாட்டு இல்ல."

அப்புறம் எந்த நடவிலும் அவள் பாடவில்லை.

நான் மூலையில் உட்கார்ந்து மனதுக்குள் பாட்டை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அய்யா ஒரு சொல்கூட விடவில்லை. எல்லாம் சரியாகத்தானே சொன்னார், ஆத்தா ஏன் பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.