இசக்கி திறந்த மேற்கு ஜன்னல்

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன். வார்டன் கண்ணில் பட்டால் என் படிப்பு இந்த வருடத்தோடு முடிந்துவிடும். விடுதியில் பெட்டிகளை அடுக்கி வைக்கும் அறைக்குள் கதவைத் தாழிட்டுக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பதினோராம் வகுப்பில் இசக்கியம்மாளோடு படித்த உங்களுக்கு மட்டும்தான் இது.

காலாண்டு விடுமுறை முடிந்து நாம் திரும்பி வந்த அன்று, காலைச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது செய்தி வந்தது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து போன். கேட்டுவிட்டு வார்டன், "இசக்கி நேத்து ராத்திரி தவறிட்டாளாம். மூளைக்காய்ச்சலாம்" என்றார். யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். நான் இரண்டு இட்லியை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அழுகை அன்று மாலைதான் வந்தது.

எங்கள் அறை மாடியில், மேற்கு வரிசையில் கடைசி. அதன் இரண்டு ஜன்னல்களும் தெருவைப் பார்த்தவை. சைக்கிளில் போகிற பையன்கள் பார்க்கிறார்கள் என்று எப்போதோ இரண்டுக்கும் வெளிப்புறம் தகரம் வைத்து, ஜன்னல் கம்பியோடு கட்டுக்கம்பியால் இறுக்கிவிட்டார்கள். மாலையில் அந்தத் தகரம் தோசைக்கல். ஆனி ஆடியில் மலைப்பக்கமிருந்து வரும் மேல்காற்று வெளியே வேப்பமரத்தைப் பிடித்து உலுக்கும். உள்ளே கொசுவலை அசையாது. திருநெல்வேலி வெயில் அப்படித்தான் என்று நாங்கள் ஏழு பேரும் நம்பியிருந்தோம். எட்டாவதாக எங்கள் அறைக்கு வந்த முதல் வாரமே இசக்கி சொன்னாள்: "இது ஊரு வெக்கை இல்லட்டி. இந்த ரூமு வெக்கை."

அவள் எல்லாம் தெரிந்தவள் இல்லை. முதலில் பெரிய தப்பு செய்தாள். ஒரு மாலை பத்து வாளித் தண்ணீரைச் சுமந்து வந்து தரை முழுக்க ஊற்றினாள். குளிர்ந்துவிடும் என்றாள். அரை மணி நேரத்தில் அறை முழுக்க ஆவி. பாயெல்லாம் ஈரம். "ஏட்டி, குத்தாலத்தக் கொண்டு வாரேன்னியே, இட்லிக் கொப்பரைக்குள்ளல்லா உக்கார வச்சிருக்கே!" என்று எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் அவளுக்கு 'இட்லி' என்றுதான் பேர். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் தண்ணீர் ஏன் குளிர்விக்கவில்லை என்ற கேள்வியை மட்டும் விடவில்லை.

அவள் அம்மா அப்பளம் போடுபவர். "அப்பளத்த வெயிலு மட்டும் காய வைக்காதுட்டி, காத்தும் வேணும்" என்பாள் இசக்கி. "நம்ம வேர்வையும் அப்படித்தான். அது காஞ்சாத்தான் உடம்பு குளிரும்." மறுநாள் நான்கு கைக்குட்டைகளை ஒரே அளவாக நனைத்துப் பிழிந்து, வராந்தாவில், மாடிப்படியில், படிப்பறையில், எங்கள் அறையில் என்று தொங்கவிட்டாள். வராந்தாவில் இருந்தது படிப்பு மணி அடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. எங்கள் அறையில் இருந்தது மறுநாள் காலையிலும் சதசதவென்று இருந்தது. அதை என் கன்னத்தில் வைத்து, "இப்ப புரியுதா?" என்றாள்.

கிழக்குச் சுவரின் உச்சியில் இருந்த காற்றுத்துளைகளில் புறாவுக்குப் பயந்து பழைய செய்தித்தாளைத் திணித்திருந்தார்கள். முதலில் அதை எடுத்துவிட்டு வலை கட்டினாள். "மேக்கேருந்துதான காத்து வருது, கிழக்க எதுக்குட்டி நோண்டுதே?" என்று கேட்டேன். "அம்பை பஸ்ஸுல ஏறிருக்கியா? உள்ள இருக்கவன் இறங்குனாத்தான் வெளிய நிக்கவன் ஏற முடியும். காத்துக்கும் அப்படித்தான்" என்றாள்.

பிறகு தகரம். அதைக் கழற்றவே கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். கழற்றினால் வெயில் நேராக உள்ளே விழும், தெருவும் பார்க்கும். மேல் முடிச்சுகளை அப்படியே விட்டுவிட்டு, கீழே உள்ள நான்கு முடிச்சுகளை மட்டும் அவிழ்க்க வேண்டும். தகரத்தின் அடியை வெளியே தள்ளி, இரண்டு பக்கமும் துடைப்பக் கட்டை கொடுத்துக் கட்ட வேண்டும். தகரம் கூரைச் சாய்ப்பு மாதிரி நிற்கும். வெயில் அதன் முதுகில் அடிக்கும், காற்று அடியில் நுழையும். என் அப்பா கங்கைகொண்டானில் கம்பெனி வேலைக்குப் போகிறார். கம்பியைத் திருகும் அவருடைய குறடு ஒன்றை வீட்டுக்குப் போனபோது நான்தான் கொண்டு வந்தேன். ஒரு ஜன்னலில் மட்டும் செய்து பார்த்தோம். இரண்டு முடிச்சை அவள் அவிழ்த்தாள், இரண்டை நான். ஒரு பக்கக் கட்டையை அவள் கட்டினாள், மறுபக்கத்தை நான்.

அன்று மாலை கொசுவலை அசைந்தது. இசக்கியோடு எட்டுப் பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் வாரம் ஒரு பெருங்காற்றில் தகரம் ஒரு பக்கம் அவிழ்ந்து சுவரில் படபடவென்று அடித்தது. அவிழ்ந்தது நான் கட்டிய பக்கம். வார்டன் மேலே வந்தார். "யாரு வேலை இது? எவனப் பாக்கதுக்கு ஓட்டை போட்டிய?" நான் இசக்கியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். "நான் மட்டுந்தான் மிஸ். காத்துக்காகச் செஞ்சேன்" என்றாள் இசக்கி. "காத்தாம்லா காத்து!" என்றார் வார்டன். அந்த இடைவெளியில் குனிந்து பார்த்தால் காம்பவுண்டுச் சுவரின் அடிப்பகுதியும் இரண்டு கோழிகளும்தான் தெரியும். அவர் குனியவே இல்லை. மறுநாளே தகரத்தை முன்போல இறுக்கிவிட்டார்கள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டதற்கு, "நீ பயந்தே, அவ்வளவுதான. முடிச்சு போடத்தான் உனக்குத் தெரியல" என்று சிரித்தாள். விடுமுறைக்கு ஊருக்குப் போனாள்.

நாளைக் காலை அவள் அம்மா பெட்டியை எடுக்க வருகிறார். 'தெருவில் போகும் ஆண்களைப் பார்ப்பதற்காக ஜன்னலைச் சேதப்படுத்தினாள்' என்று எழுதிய ரிப்போர்ட் ஆபீஸ் மேசையில் இருக்கிறது. "செத்த பிள்ளைதான், ஆனா பெத்தவங்க கையெழுத்து இல்லாம ஃபைல மூட முடியாதுல்லா" என்று வார்டன் கிளார்க்கிடம் சொன்னதை நானே கேட்டேன். அந்த அம்மா அதைப் படிக்க வேண்டுமா? தன் மகளைப் பற்றி அப்படி எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டுமா?

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: எந்த அறைக்குள் போனாலும் காற்று எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று என் கண் தேடுகிறது. சுவர் அப்படித்தான், விதி அப்படித்தான் என்று யாராவது சொன்னால் என்னால் இனி நம்ப முடியவில்லை. நாளை அந்தத் தாளை நீட்டும் முன் நான் அங்கே போய் நிற்பேன். குறடு என்னுடையது, அவிழ்ந்த முடிச்சு என்னுடையது, அது காற்றுக்காக மட்டும்தான் என்று அவள் அம்மாவிடம் சொல்வேன். வார்டனையும் கையோடு மாடிக்கு அழைத்துப் போய், அந்தக் கீழ் முடிச்சுகளை மறுபடி அவிழ்த்து, குனிந்து பார்க்கச் சொல்வேன். அனுப்பினால் அனுப்பட்டும். கங்கைகொண்டானிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிப்பேன்.

கதவைத் தட்டுகிறார்கள். "உள்ள யாருட்டி அது? திற!" வார்டன்தான். இந்தத் தாளைப் பார்த்துவிட்டாலும் பரவாயில்லை. நாளை வரை எதற்கு, இப்போதே