பத்து வரி, பத்துப் பொட்டு

சந்தனமும் பொரியும் சூடான கம்ப்யூட்டரும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும்… ஆயுத பூஜை அன்று எங்கள் ஆபீஸில் மட்டும் வருகிற வாசனை. இன்னும் மூக்கில் நிற்கிறது.

நான் சொல்கிறேன், மருமகள் போனில் எழுதிப் போடுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். ஒரு நாள் அது போதுமானதாக இருந்தது.

பெரம்பலூரில் ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். பதினோரு பேர். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் லாரியை நிறுத்தி எடை போடுகிற மேடை இருக்கிறதே, அதற்கு புரோகிராம் எழுதுகிறவர்கள். நான் வாட்ச்மேன்.

அதற்கு முன்னால் அப்படி ஒரு குவாரி வாசலில்தான் பதினெட்டு வருசம் நின்றேன். லாரி நம்பரைப் படித்துவிடுவேன், எழுதத்தான் கை வராது. உள்ளே போன அத்தனை நம்பரையும் மனசில் வைத்திருந்து, சாயங்காலம் மேஸ்திரியிடம் வரிசையாக ஒப்பிப்பேன். ஒரு நாளும் தப்பியதில்லை.

எழுதிய புரோகிராம் எல்லாம் இணையத்தில் ஓரிடத்தில் இருக்கும். அதற்குள் போக அப்போது பதினோரு பேருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. அதற்கு மேல் ஆறு இலக்க நம்பர் ஒன்று ஆபீஸ் போனுக்கு வரும். அந்தப் போன் என்னிடம். வாசலை விட்டு நகராத ஆள் நான் ஒருவன்தானே…

"தாத்தா, நம்பர்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். உட்கார்ந்த இடத்திலிருந்தே உரக்கச் சொல்வேன். கீழே டீ மாஸ்டர் திருப்பிச் சொல்வார்.

"நாலு, ஒம்போது, ரெண்டு… கேட்டுச்சா, இல்ல நான் மேல வந்து சொல்லவா?"

செட்டிகுளத்துப் பெண் செல்வி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைப் பார்த்துவிட்டாள்.

"தாத்தா, பூட்டையும் போட்டுட்டு சாவிய தெருவுல நின்னு ஏலம் வுடுறீங்க."

முதலாளியிடம் போய் நின்றாள். இனி ஆளுக்கொரு பெயர். காலையில் கம்ப்யூட்டரில் ஒரே வாசலில் தன் பெயரைச் சொல்லி, தன் போனிலேயே நான்தான் என்று ஒப்புக்கொண்டு நுழைந்தால் போதும். மெயில், புரோகிராம் என்று எல்லா அறையும் தானாகத் திறக்கும். முதலாளி உடையார்பாளையத்துக்காரர். எதையும் சீக்கிரம் மாற்ற மாட்டார்.

"ஒம் பேச்ச நம்பி மாத்துறேன். இதால வேல நின்னுச்சுன்னா அன்னைக்கே பழையபடி மாத்திப்புடுவேன். அப்பறம் நீயும் வேற எடம் பாத்துக்க."

பூஜைக்கு முந்தின நாள் எல்லாம் முடிந்து, பழைய வழியை அடைத்தாள். புது வாசல் பழுதானால் பொறுப்பாளரான அவள் மட்டும் உள்ளே போவதற்குப் பத்து அவசர நம்பர்கள் வந்தன. ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒரே ஒரு தடவைதான் செல்லும். காகிதத்தில் அடித்து எடுத்தாள். மை மங்கல்.

"நீங்க படிங்க தாத்தா, நான் ஸ்கிரீன்ல சரிபாக்குறேன்."

படித்தேன். லாரி நம்பர் மாதிரி நாலு நாலாகப் பிரித்தால் ஒரு வரிக்கு ரெண்டு லாரி. பத்து வரிக்கு இருபது லாரி. அவ்வளவுதான். அவற்றில் ஒன்றை அவள் அடித்துப் பார்த்தாள். திறந்தது.

பூஜையன்று முதலாளி, "முக்கியமானது எதையும் வுடாம சாமிகிட்ட வைங்க" என்றார். கீபோர்டு, லேப்டாப், அந்தக் காகிதம்… பொட்டு வைக்கிற வேலை எனக்கு. சந்தனத்தைக் குழைத்து, ஒரு வரியும் விட்டுப்போகாமல் பத்து வரிக்கும் நட்ட நடுவில் வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். பார்த்துப் பார்த்து வைத்தேன்.

மறுநாள் காலை புது வாசல் திறக்கவில்லை.

அந்த வாசலுக்கும் புரோகிராம் இருக்கிற இடத்துக்கும் நடுவே ஓர் அடையாளச் சான்று உண்டாம். செல்வி பழைய சான்றை ஏற்றிவிட்டிருக்கிறாள். பூஜையோடு அதன் கெடு முடிந்திருந்தது. அதே நேரம் குவாரியிலிருந்து போன். கல் ஏற்றிய லாரியையும் காலி லாரி என்று காட்டுகிறதாம் மேடை. லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கின்றன. திருத்தம் செல்வியின் லேப்டாப்பில் தயார். ஆனால் புரோகிராம் இருக்கிற அந்த இடத்தின் வழியாகத்தான் அது மேடைக்குப் போக முடியும்.

முதலாளி வந்து நின்றார். செல்வி சாமி படத்துக்கு முன்னாலிருந்து காகிதத்தை எடுத்தாள். பத்து வரியிலும் ஈரத்தில் மை ஓடி, நடுவே சிவப்பு.

"பொட்டு வெச்சது நான்தாம்மா" என்றேன்.

"பரவால்ல தாத்தா…" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுவாத. நான் சொல்றேன், அடி." முதல் வரியைச் சொன்னேன்.

அடித்தாள். ஏற்கவில்லை.

"என்னா பெரியவரே, வெளாட்டா?" என்றார் முதலாளி.

"நான் சொன்னது சரிங்க. முந்தாநாளு இந்தப் புள்ள அடிச்சுப் பாத்துச்சே, அது இதுதான் போல. ரெண்டாவது வரிய அடி ஆயி. ஆறு ஒண்ணு மூணு எட்டு… ரெண்டு ரெண்டு அஞ்சு நாலு."

திறந்தது.

சான்றை மாற்றி, திருத்தத்தை அனுப்பி, மத்தியானச் சோற்றுக்கு முன்னால் லாரிகள் நகர்ந்துவிட்டன. முதலாளி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, இப்புடியே இருக்கட்டும்" என்றார். பழைய வழியைப் பற்றி அப்புறம் அவர் வாயைத் திறக்கவே இல்லை.

சாயங்காலம் செல்வி புதிதாகப் பத்து நம்பர் எடுத்தாள். எடுப்பதற்கு முன்னால் என்னிடம் வந்து நின்றாள்.

"தாத்தா, கோச்சுக்காதீங்க. கொஞ்சம் கீழ போயி டீ சாப்பிட்டு வரீங்களா?"

கோபம் எதற்கு? ஒரு வாட்ச்மேனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இருக்கிறதா என்ன… இறங்கிப் போய் நிதானமாக ரெண்டு டீ குடித்தேன்.

இன்றைக்கும் அதே வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் வருகிறார்கள், தங்கள் போனைத் தொடுகிறார்கள், வேலையைப் பார்க்கிறார்கள். "தாத்தா, நம்பர்" என்று யாரும் கூப்பிடுவதில்லை. கீழே டீ மாஸ்டருக்கும் திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்தப் பழைய பத்தில் மிச்சம் எட்டு நம்பர் எனக்கு இப்போதும் வரிசையாகத் தெரியும். புதுசு வந்த பிறகு எந்தக் கதவையும் அவை திறக்காது. இருந்தாலும் மத்தியானத்தில் தூக்கம் கண்ணைக் கட்டும்போது, பதினாறு லாரியையும் ஒரு தடவை உள்ளே விட்டுப் பார்ப்பேன்… ஒன்றும் குறைவதில்லை.