சின்ன மருமகள் சரிசெய்த கால்குலேட்டர்

என் மாமனாருடைய கால்குலேட்டரை என்றைக்காவது நான்தான் திறப்பேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். கோச்சடையில் எங்கள் வீட்டு மர பீரோவின் மேல்தட்டில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, மேலே ஒரு பழைய துண்டையும் போர்த்தி வைத்திருந்தார். டிபன் கேரியரைப் படுக்கவைத்த அளவு இருக்கும். அவருடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் மல்லிகைக் கூடைகளின் எடையை அதில்தான் கூட்டுவாராம். ஒருநாள் எண்கள் அணைந்துவிட்டன. அன்றைக்கு பீரோவுக்குப் போனது, அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறேன். பழைய கால்குலேட்டர்களை வாங்கிச் சரிசெய்வது எனக்கு எப்படித் தொற்றிக்கொண்டது என்று கேட்டால், மாட்டுத்தாவணிக்குப் போகிற வழியில் இருந்த ஒரு பழைய இரும்புக்கடையைத்தான் சொல்ல வேண்டும். அங்கே தராசுத் தட்டுக்குப் பக்கத்தில் வெளிர்பச்சைப் பெட்டி ஒன்று கிடந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக ஒரு கண்ணாடிக் குழல். கடைக்காரர் அதைச் செம்புக்காக உடைக்க இருந்தார். வாங்கி வந்து ஒரு கோடை விடுமுறை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். ஊதிப்போன கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் புதிது வைத்தேன். பட்டன்களுக்கு அடியில் இருந்த தகடுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பிறகு சீரிஸ் போர்டில் மாட்டினேன். அது ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்த பலகை. மெஷினுக்குள் எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து மெஷினைக் காப்பாற்றிவிடும். பல்பு ஒரு முறை மினுக்கி மங்கினால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பச்சைப் பெட்டிக்கு பல்பு மினுக்கி மங்கியது. கண்ணாடிக் குழல்களில் நீலப்பச்சை வெளிச்சம் மெல்ல ஏறியது. எல்லா இடத்திலும் எட்டு அடித்தேன். எட்டுக்குத்தான் எல்லாக் கோடுகளும் எரிய வேண்டும். எரிந்தன. அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன்.

அதற்கப்புறம் எத்தனையோ வாங்கினேன். சாப்பாட்டு மேஜையின் பாதி என்னுடையது. என் கணவர் ரசத்தில் ஸ்குரூ கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வார். மாமாவிடம் மட்டும் நான் கேட்டுப் பலிக்கவில்லை.

"மாமா, அதக் கொஞ்சம் எறக்கிப் பாக்கவா?"

"வேணாம்மா. நோண்டாத. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பேன். அதே பதில்தான். ரிடையர் ஆன மனிதர், மனைவியையும் இழந்தவர், அவருக்கென்று இருப்பது அது ஒன்றுதான் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

என் கொழுந்தனாரின் மனைவி பல் டாக்டர். சோழவந்தானில் அவர்கள் வீட்டு மாடியிலேயே கிளினிக். மாதத்துக்கு ஒரு ஞாயிறு எங்களோடு சர்ச்சுக்கு வந்துவிட்டு மதியம் வீட்டில் சாப்பிட்டுப் போவார்கள். அப்படி ஒரு ஞாயிறு, நான் பேட்டரி கசிந்த ஒரு சின்ன கால்குலேட்டரைத் திறந்து வைத்திருந்தேன். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பொரிந்து கிடந்தது. அவள் என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, சொத்தப்பல்லு மாதிரியே இருக்குக்கா."

"சொரண்டி எடுத்துட்டு எலுமிச்சச் சாறு வச்சுக் கழுவணும். அப்புறம் ஸ்பிரிட்."

"நாங்களும் அதத்தான செய்றோம். எனக்கு ஒண்ணு குடுங்களேன், செஞ்சு பாக்குறேன்."

கொடுத்தேன். என்னிடம் இருந்ததிலேயே மோசமானதைத் தேடிக் கொடுத்தேன். உள்ளே செம்புப் பட்டை பெயர்ந்து, 'நான்கு' பட்டனே இல்லாமல், நானே கைகழுவிவிட்டிருந்த ஒன்று. இதைச் சரிசெய்ய யாராலும் முடியாது என்கிற தெம்பில் வருகிற தாராளம் அது.

அடுத்த மாதம் வந்தபோது அது எரிந்தது. எண்கள் சிவப்பாக, ஒரு நடுக்கமும் இல்லாமல் நின்றன. அது போகட்டும். அந்த 'நான்கு' பட்டனைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பல்செட் செய்கிற பிசினில் அவளே வார்த்திருந்தாள். பழுப்பேறிய மற்ற பட்டன்களின் நிறம் அப்படியே அதிலும் இருந்தது. எது புதிது என்று சொல்லத் தெரியவில்லை.

"பல்லுக்கு ஷேடு பாக்குற மாதிரி பாத்தேன்க்கா. ரெண்டு மூணு தடவ தப்பாப் போச்சு."

என் மெஷின்களில் பட்டன் போன இடத்தில் வேறு மெஷினின் பட்டன் இருக்கும். கறுப்பு வரிசையில் ஒரு நீலம், வெள்ளை வரிசையில் ஒரு சாம்பல். அதையெல்லாம் நான் குறையாக நினைத்ததே இல்லை, அன்றைக்கு வரைக்கும். கணவர் அவள் கொண்டுவந்ததைக் கைக்குக் கை கொடுத்து, "எதுன்னு கண்டுபிடி பாப்போம்" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பூதக்கண்ணாடியை எடுத்து அவள் பற்றவைத்த ஈயத்தைப் பார்த்தேன். எங்காவது ஒரு குமிழ், ஒரு கருகல் இருக்காதா என்று தேடினேன். ஒவ்வொரு புள்ளியும் மழைத்துளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

மாமா அதுவரை என் மேஜையை எட்டிப் பார்த்தவர் இல்லை. அன்றைக்கு அதை வாங்கி மடியில் வைத்து, நான்கை மட்டும் திரும்பத் திரும்ப அமுக்கினார். பிறகு சின்ன மகனைக் கூப்பிட்டு, "அந்த பீரோ மேல்தட்டுல இருக்கத எறக்குடா" என்றார். துண்டைப் பிரித்தார். பிளாஸ்டிக் பையோடு எடுத்து அவள் கையில் வைத்தார்.

"கொண்டுட்டுப் போம்மா. முடிஞ்சா எரிய விடு."

நான் பாயசக் கிண்ணங்களோடு சமையலறை வாசற்படியில் நின்றிருந்தேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். "ஏன் மாமா, நான் எத்தன தடவ கேட்டேன்?"

"நீ டீச்சரு. அவ டாக்டரு. பல்லப் புடுங்கித் திரும்ப நட்டு வைக்கிறவ, இதச் செய்ய மாட்டாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிண்ணங்களைக் கீழே வைத்தபோதுதான் கை சுட்டிருப்பது தெரிந்தது.

அடுத்த வாரங்களில் குடும்ப வாட்ஸப் குழுவில் படங்களாக வந்துகொண்டிருந்தன. மூடி கழற்றிய படம். உள்ளே தங்கக் கால்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்த ஐ.சி. சில்லுகளின் படம். சோப்பு நீரில் மிதந்த பட்டன்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே சித்தப்பாக்களும் அத்தைகளும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். நான் பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகள் அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது திருட்டுத்தனமாகத் திறந்து பார்ப்பேன். இத்தனை வருஷத்தில் என் மெஷின் ஒன்றின் படத்தைக்கூட நான் அந்தக் குழுவில் போட்டதில்லை. போட்டால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இப்போது அவள் போட்டதும் ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் சீரிஸ் போர்டில் மாட்டப்போகிறேன் என்று எழுதிய அன்று, பல்பு பளீரென்று எரிய வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். சாயங்காலம் படம் வந்தது. வரிசை முழுக்க எட்டு. நான் ஒரு ரோஜாப்பூவை அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது.

"அக்கா, கூட்டுது, கழிக்குது. பெருக்கச் சொன்னா மட்டும் கிறுக்குப் புடிச்ச மாதிரி ஓடுதுக்கா. வகுத்தாலும் அப்படித்தான். சனிக்கெழம எடுத்துட்டு வாரேன். நீங்க பாருங்க."

"அடடா" என்றேன். அந்த வாரம் பள்ளியில் யாரையும் திட்டவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோதுகூட எரிச்சல் வரவில்லை. வீட்டில் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கினேன் என்று என் கணவர் பிறகு சொன்னார்.

சனிக்கிழமை மேஜை முழுவதையும் துடைத்து வைத்தேன். அவள் இரண்டு பெருக்கல் மூன்று என்று அடித்ததும் எண்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின, நிற்கவே இல்லை. என்னிடம் சின்ன ஆசிலோஸ்கோப் ஒன்று உண்டு. மின்னோட்டம் துடிப்பதைத் திரையில் கோடாகக் காட்டுகிற கருவி. அதன் முனையை நான் ஒவ்வொரு ஐ.சி.யின் காலிலும் வைத்துக்கொண்டே போக, அவள் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். சேர்ந்து வேலை செய்வது நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்றாவது ஐ.சி.யில் ஒரு காலில் கோடு அசையவே இல்லை.

"இதுதான்க்கா. உள்ளுக்குள்ள செத்துப் போச்சு."

அதன் முதுகில் இருந்த நம்பரை அவள் படிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே ஐ.சி. என் பச்சைப் பெட்டியில் இருக்கிறது. இரண்டும் ஒரே கம்பெனி. இதெல்லாம் இப்போது எங்கும் செய்வதில்லை, கடையில் கேட்டால் சிரிப்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் தன் போனை எடுத்து எதையோ தேடினாள். என் பச்சைப் பெட்டியை அவள் முன்பொரு நாள் திறந்த நிலையில் படம் எடுத்திருந்தாள்.

"அக்கா, உங்க பச்சப் பொட்டில இதே நம்பர்தான இருக்கு?"

"ஆமா."

"அதக் கழட்டி இதுல வச்சா…"

"தரமாட்டேன்."

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வந்தார்.

"என்னம்மா நீ? ஒரு சில்லுக்குப் போயி. அப்பாவோடது அது."

"இது என்னோடது. நான் குப்பையில இருந்து எடுத்து உசுரு குடுத்தது. இதக் கொன்னு அத எழுப்ப மாட்டேன்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் மாமாவின் குரல் நாற்காலியிலிருந்து வந்தது.

"அது கூட்டுதாம்மா?"

"கூட்டுது மாமா. கழிக்கவும் செய்யுது" என்றாள் அவள்.

"அப்புறம் என்ன? நான் என்னைக்குப் பெருக்குனேன்? மூடிக் குடு."

மூடிக் கொடுத்தாள். விசாரணை அதோடு முடிந்தது.

அவளை பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். கணவர் முகம் கொடுத்துப் பேசவில்லை, வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. நிறுத்தத்தில் நின்றபோது அவளே ஆரம்பித்தாள்.

"நீங்க தரமாட்டீங்கன்னு தெரியும்க்கா. சும்மா கேட்டுப் பாத்தேன். நானா இருந்தாலும் தந்திருக்க மாட்டேன்."

"கோவமா?"

"கோவமா? கல்யாணமாகி வந்த புதுசுல நீங்க அந்தப் பச்சப் பொட்டிய எரிய விட்டுக் காட்டினீங்க, ஞாவகம் இருக்கா? அன்னைக்கு எனக்கு வயிறு எரிஞ்சுச்சு பாருங்க. நாள் பூரா அடுத்தவங்க வாயிக்குள்ளயே கெடக்கேன், இந்த அக்கா எம்புட்டு சந்தோசமா இருக்குன்னு."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். அவள் சொன்னது திரும்பி நடக்கும்போது இனித்தது. வீட்டுக் கதவைத் திறந்து, மாமாவின் மடியில் அந்த மெஷினைப் பார்த்ததும் இனிப்பு போய்விட்டது.

ஏனென்றால் அது எங்கள் வீட்டில்தானே இருக்கிறது. தினமும் காலையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொள்வார். கிரிக்கெட் ஸ்கோரில் ஒவ்வொருவர் எடுத்த ரன்னையும் உதிரி ரன்களையும் கூட்டி, பேப்பர்காரன் போட்ட மொத்தம் சரியா என்று பார்ப்பார். சரியாக வந்தால் ஒரு தலையாட்டல். காபி கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் அந்த நீலப்பச்சை வெளிச்சம் என் கண்ணில் படும். பால்காரர், கேபிள்காரர், சர்ச் ஆயர் வீட்டம்மா என்று யார் வந்தாலும், "என் சின்ன மருமக ரெடி பண்ணது. டாக்டரு" என்பார். பெருக்க வராது என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார். என் வாய் வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வேன்.

பச்சைப் பெட்டி என் மேஜையில் பெருக்கிக்கொண்டுதான் இருக்கிறது. இன்றைக்குக் கேட்டாலும் தரமாட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை மாமா என்னைக் கூப்பிட்டார். ஏழு விழவில்லை. எத்தனை அமுக்கினாலும் திரையில் ஒன்றுமில்லை.

"ஒங்க சின்ன மருமகளக் கூப்பிடுங்க மாமா."

"அவ ஞாயித்துக்கெழமதான வாரா. அதுவரைக்கும் ஏழு இல்லாம எப்படிம்மா? இன்னைக்கு ஒருத்தன் எழுவத்தேழு அடிச்சிருக்கான்."

வாங்கிக்கொண்டேன். முதல்முறையாக அதைத் தனியாக நான் திறந்தேன். அவள் கைவேலை அத்தனையும் என் முன்னால் இருந்தது. துருப்பிடித்த ஒரு தகட்டை மாற்றி, அதைத் தாங்க ஒரு குட்டிப் பிடிப்பும் வார்த்து வைத்திருந்தாள். யாரும் பார்க்கப்போகாத இடம். அதிலும் பிசிறு இல்லை. கொஞ்ச நேரம் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படி வராது. பழகினாலும் வராது.

ஏழுக்குக் கீழே ஈரத்தில் களிம்பு பிடித்திருந்தது. பட்டன் வரிசையையே கழற்ற வேண்டியிருந்தது. தகடு வளைந்தும் இருந்ததால் இடுக்கியால் மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். பள்ளிக்கு அரைநாள் விடுப்பு சொல்ல வேண்டியதாயிற்று. மூடிக் கொடுத்ததும் மாமா ஏழை அமுக்கினார். விழுந்தது. ஸ்கோரைக் கூட்டி முடித்து, தலையாட்டிவிட்டு, போனை எடுத்து சோழவந்தானுக்குப் போட்டார். நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆமாம்மா, ஏழு நின்னு போச்சு. இல்ல இல்ல, நீ வர வேணாம், இப்ப சரியாயிருச்சு. ஒண்ணுமில்ல, தூசிதான். பெரியவ தொடச்சு விட்டா."