தெயோடோஸியாவின் ரொட்டி

கெனோவெஃபா பித்லாக் பதினோரு வருடம் எனக்கு அடுத்த மெஷினில் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு அவள் கெனியா. வூச் நகரத்தில் சினிமாவுக்கு உடை தைக்கும் கூடம் எங்களுடையது. அரசர்களுக்கும் கொள்ளைக்காரர்களுக்கும் மணப்பெண்களுக்கும் தைத்திருக்கிறோம். கெனியா வாயைத் திறப்பதே நூலைக் கடிப்பதற்குத்தான் என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். யுத்தத்தின்போது அவள் எங்கே இருந்தாள் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் அந்தக் கேள்வியைச் சும்மா கேட்டுவிட முடியாது.

அறுபத்திரண்டாம் வருடம் ஏப்ரலில் இருநூறு கோடு போட்ட கவுன்களுக்கு ஆர்டர் வந்தது. பெண்கள் வதைமுகாமைப் பற்றிய படம். மேஸ்திரி கொடுத்த வரைபடத்தைக் கெனியா ஒரு தரம் பார்த்தாள். மடித்து ஓரமாக வைத்துவிட்டுத் துணியை விரித்து வெட்டத் தொடங்கினாள்.

"அக்கா, அளவு எடுக்க வேண்டாமா?" என்றேன்.

"மூணு அளவு போதும் இர்மினா. கைக்கு எது கிடைக்குதோ அதை மாட்டிக்க வேண்டியதுதான்."

ஒரு வாரம் கழித்துக் கதாநாயகி அளவு பார்க்க வந்தாள். கூடவே டைரக்டர் செவெரின் மலித்ஸ்கி. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், அதற்குள் தலை பாதி நரைத்தவர். கண்ணாடி முன் நின்ற கதாநாயகி இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து இழுத்தாள்.

"சாக்கு மாதிரி தொங்குதே. இடுப்புகிட்ட கொஞ்சம் பிடிச்சு விடுங்களேன், அம்மா."

"இடுப்பா?" என்றாள் கெனியா. வாயில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். "எனக்கு அங்க இடுப்புன்னு ஒண்ணு இருந்ததில்லை, கண்ணு. எலும்புதான் இருந்தது. மூணு வருஷம் ராவென்ஸ்புரூக் முகாம்ல இதைத்தான் போட்டிருந்தேன்."

கூடத்தில் எல்லா மெஷினும் நின்றன. டைரக்டர் மட்டும் முகம் மலர்ந்து ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எங்களுக்குக் கிடைச்ச புதையல்! ஷூட்டிங்குக்கு வாங்க. தப்பு எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அவள் நம்பிப் போனாள். எனக்கு இன்றும் ஆத்திரம் தாங்காதது அதுதான். அவளுக்கு உதவியாக நானும் கூடப் போனேன்.

ஊருக்கு வெளியே காட்டோரமாகக் குடிசைகள் போட்டிருந்தார்கள். முதல் இரண்டு நாள் அவள் சொன்னதையெல்லாம் ஒருவர் எழுதிக்கொண்டார். கிண்ணத்தை எங்கே கட்டிக்கொள்வார்கள், நம்பரை எந்தக் கையில் தைப்பார்கள், ஒரே பலகையில் மூன்று பேர் எப்படிப் படுப்பார்கள். மூன்றாம் நாள் ரொட்டிக் காட்சி. கதாநாயகி தன் பங்கு ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து, சுற்றியிருந்தவர்களுக்கு ஊட்டி விடுகிறாள். ஒருத்தியும் கை நீட்டிப் பிடுங்கவில்லை. எல்லோரும் தேவாலயத்தில் நற்கருணை வாங்குவது போல வாயைத் திறக்கிறார்கள். பிறகு அவள் சிரித்த முகத்தோடு செத்துப்போகிறாள். லைட்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்படி இல்ல சார்," என்றாள் கெனியா.

"எது இல்ல?"

"எதுவுமே இல்ல. குடுத்தவங்க இருந்தாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா திருடினோம். நான் திருடினேன். தெயோடோஸியான்னு ஒருத்தி, என் பக்கத்துல படுத்திருப்பா. ரொட்டியைத் துணியில முடிஞ்சு தலைக்கடியில வெச்சிருந்தா. அவளுக்குக் காய்ச்சல். நான் உருவி எடுத்துத் தின்னேன். மறுநாளுக்கு மறுநாள் செத்துட்டா."

டைரக்டர் உதவியாளர்களைப் போகச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"என் அம்மாவும் அங்கேதான் செத்தாங்க. எனக்குப் பதினேழு வயசு. அம்மாவைப் பறிகொடுத்தவங்க இந்த நாடு முழுக்க இருக்காங்க. அவங்க முன்னாடி, ரொட்டி திருடினாங்கன்னு நான் காட்டணுமா?"

"உங்க அம்மாவும் திருடியிருக்கலாம் சார். அதனால ஒரு நாள் கூடுதலா உயிரோட இருந்திருக்கலாம். அதுல என்ன கேவலம்? எங்களைப் பட்டினி போட்டவன் இருக்கான். அவனை விட்டுட்டு, பசிச்சவளுக்கு எதுக்கு ஒளிவட்டம் வரையறீங்க?"

"வெளிய போங்க!" அவர் கத்திய கத்தலில் வரிசையில் நின்ற துணை நடிகைகள் திரும்பிப் பார்த்தார்கள். "என் செட்டுல ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது!"

படம் வெளிவந்தது. எழுத்து ஓடும்போது ஆலோசனை என்று கெனியாவின் பெயரையும் போட்டிருந்தார்கள், அவளைக் கேட்காமலே. ஒரு நூற்பாலையின் மன்றத்தில் படத்தைத் திரையிட்டுவிட்டு, ரசிகர்கள் டைரக்டரோடு பேசலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் தடுத்தும் கேட்காமல் கெனியா போனாள். முதல் ஆளாக எழுந்து நின்று, செட்டில் சொன்னதை அப்படியே சொன்னாள், தெயோடோஸியா குரெக் என்ற முழுப் பெயரோடு. அரங்கம் கொதித்தது. "உக்காருடி திருடி!" என்றான் ஒருவன். அதைவிடக் கொடுமை, அவளோடு முகாமில் இருந்த ஒருத்தியே எழுந்து வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "எதுக்குடி எங்க எல்லாரையும் சந்திக்கு இழுக்கற? பேசாம இருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"பொய்யில என் பேரைப் போட்டா பேசாம எப்படி இருக்கறது?" என்றாள் கெனியா. அதற்குமேல் ஒரு வார்த்தை பேச அவர்கள் அவளை விடவில்லை.

மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண் எங்கள் கூடத்துக்குள் வந்தாள். முப்பது வயது இருக்கும். நூற்பாலை மன்றத்தில் நடந்தது ராடோம் ஊர்வரை எட்டி, அங்கிருந்து ரயிலில் வந்திருக்கிறாள்.

"பித்லாக் யாரு?"

"நான்தான்."

"நான் லூட்சினா. தெயோடோஸியா குரெக்கோட மக."

கெனியா எழுந்து நின்றாள். அந்தப் பெண் பளாரென்று அறைந்தாள். நான் குறுக்கே போனேன். "நீ உக்காரு இர்மினா," என்று கெனியா என்னைத் தள்ளிவிட்டாள்.

"எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டாள் லூட்சினா. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"என்னது?"

"ரொட்டி! எவ்வளவு இருந்துச்சு?"

"ரெண்டு நாள் பங்குல பாதி பாதி. அவ தினமும் பாதியைத்தான் தின்பா. மீதியை முடிஞ்சு வெப்பா."

"யாருக்கும் குடுக்கலையா?"

"யாருக்கும் குடுக்க மாட்டா. கேட்டா சண்டைக்கு வருவா. 'எனக்கு ஊருல பொண்ணு இருக்கா, நான் நடந்து வீடு போய்ச் சேரணும், கால்ல தெம்பு வேணும்'னு சொல்லுவா."

லூட்சினா அங்கேயே துணிப் பொதியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கிருந்து திரும்பி வந்தவங்க எல்லாம் என் தலையைத் தடவி, 'உங்கம்மா தெய்வம், தன் ரொட்டியை எங்களுக்குக் குடுத்துட்டுச் செத்தா'ன்னாங்க. பதினேழு வருஷமா எனக்கு அவ மேல வெறுப்பு. ஊரான் பிள்ளைக்கெல்லாம் ஊட்டினாளே, என்னை நெனைச்சாளான்னு. அந்தப் படத்தைப் பாத்துப் பாதியில எழுந்து வெளிய போய் வாந்தி எடுத்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவ வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்கா. நீ திருடியிருக்க."

"ஆமா."

"உன்னை நான் மன்னிக்க மாட்டேன்."

"மன்னிக்கச் சொல்லலம்மா."

"எழுதிக் குடு. இப்ப சொன்னதை ஒரு வரி விடாம. கையெழுத்துப் போட்டு."

உடைக்கு மாதிரி வெட்டும் காகிதத்தில் கெனியா ஒரு பக்கம் எழுதினாள். லூட்சினா நின்றபடியே இரண்டு முறை படித்துவிட்டு, நன்றி சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

நவம்பரில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. இறந்தவர்களை நினைத்து ஜெபிக்கும் ஆன்மாக்கள் தினத்தன்று சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது அந்தக் காகிதத்தை உரக்கப் படித்திருக்கிறாள். அவளுடைய பெரியம்மா அதைப் பிடுங்கிக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாளாம். 'இன்னொன்று எழுதி அனுப்பு. அம்மா சண்டை போட்டதையெல்லாம் எழுது' என்று இருந்தது.

கெனியா மேஸ்திரியிடம் அரை நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு, கூடத்தின் மூலையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். இந்த முறை ஒன்பது பக்கம் வந்தது.