மாடிப்படிக்குக் கீழே இருந்த பலகை

ஆள் இல்லாத வீடுகளைக் காலி செய்து கொடுப்பது என் தொழில். அப்பா அம்மா போய்ச் சேர்ந்திருப்பார்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள், இடித்துக் கட்ட பில்டர் நாள் குறித்திருப்பார். நடுவில் நான். ஒவ்வொரு அலமாரியாக வீடியோ காலில் காட்டி, போட்டோவும் எடுத்துவைப்பேன். வைத்துக்கொள்வதற்குப் பச்சை ஸ்டிக்கர், யாருக்காவது கொடுப்பதற்கு மஞ்சள். ஸ்டிக்கர் இல்லாதது காயலான்கடைக்கு. எனக்கு ஓரிடத்தில் பத்து நிமிஷம் உட்கார முடியாது. காலில் சக்கரம் என்பார் என் கணவர். இந்தத் தொழிலுக்கு அதுதான் தோது என்று நினைத்திருந்தேன்.

மயிலாப்பூரில், கடற்கரைப் பக்கம் போகும் தெருவில் அந்த வீடு. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தனியாக இருந்து காலமாகியிருந்தார். மகள் கனடாவில். பீரோவுக்கு அடியில் கிடந்த கொண்டை ஊசியைக்கூட அவளிடம் காட்டிக் கேட்டேன், அவ்வளவு சுத்தமான வேலை. இரண்டாம் நாள் மத்தியானம், மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போட்டு மூடியிருந்த எதையோ ஆட்கள் வெளியே இழுத்தார்கள்.

"இதுல ஸ்டிக்கர் இல்லக்கா" என்றார் ஒருவர்.

"இல்லேன்னா ஏத்துங்க. ஒவ்வொண்ணுக்கும் கேட்டுட்டு நிக்காதீங்க" என்று எரிந்து விழுந்தேன். சாக்கைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை.

மறுநாள் காலை பில்டரிடம் சாவி கொடுக்கப் போனபோது கேட்டுக்கு வெளியே மீன் கூடையோடு ஒரு அம்மா நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"யம்மா, படிக்குக் கீழ என் அருவாமணை வெச்சிருந்தனே, இன்னா ஆச்சு?"

"உங்களுதா?"

"சாக்கு போட்டு மூடி வெச்சிருப்பேன். வியாபாரம் முடிஞ்சா அங்க வெச்சிட்டு குப்பத்துக்குப் போய்டுவேன். சார்தான் வெச்சிக்கச் சொன்னாரு."

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். பூக்காரம்மா முக்காலியையும் இஸ்திரிக்காரர் கரி மூட்டையையும் தெரிந்த வீட்டுப் படிக்குக் கீழே போட்டுவிட்டுப் போவார்கள் என்று எனக்குத் தெரியாதா? கனடாவில் இருக்கும் மகளுக்கு மறந்திருக்கலாம். எனக்கு என்ன கேடு?

சிந்தாதிரிப்பேட்டைக்கு ஆட்டோ பிடித்து ஓடினேன். காயலான்கடையில் முதல் வேலையே இரும்பையும் மரத்தையும் பிரிப்பதுதான். "அருவா கீது. கட்டை நேத்தே விறகோட போய்ட்ச்சு" என்றார் கடைக்காரர். அரிவாளை வாங்கிக்கொண்டு, அங்கேயே மீன் மார்க்கெட் பக்கத்தில் புத்தம் புது அரிவாள்மணை ஒன்றையும் எடுத்துக்கொண்டு, காரியத்தை முடித்துவிட்ட நினைப்பில் திரும்பினேன்.

மீன்கார அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். புதியதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது தரையோட கீதும்மா. எனுக்கு முட்டி மடங்காது" என்றார்.

என்றோ ஆட்டோ இடித்து அவருடைய வலது முட்டி போய்விட்டது. உடைந்த படகுக் கட்டையை அறுத்து, அவர் உட்காரும் உயரத்துக்குப் பலகை செய்து, அதில் அரிவாளைப் பொருத்திக் கொடுத்திருந்தார் அவர் கணவர். அந்தக் கணவரும் இப்போது இல்லை. அந்த உயரம் இல்லாமல் அவரால் உட்கார்ந்து வெட்ட முடியாது. வெட்டித் தராத மீனை இந்தத் தெருவில் பலர் வாங்கவும் மாட்டார்கள்.

ஆழ்வார்பேட்டையில் எனக்குத் தெரிந்த தச்சரிடம் ஓடினேன். "அளவு? போட்டோ இருக்கா?" என்றார். போனில் அந்த வீட்டுக் கரண்டி, காலண்டர், கதவுக் கொக்கி வரை எல்லாம் இருந்தது. அந்தப் பலகை மட்டும் இல்லை. அவமானமாக இருந்தது.

மறுநாள் தச்சரைத் தெருவுக்கே கூட்டிக்கொண்டு போனேன். அதற்குள் பாதி வீட்டை இடித்திருந்தார்கள். விழுந்து கிடந்த செங்கற்களை அந்த அம்மா அடுக்கி உட்கார்ந்து பார்த்தார். ஒன்றை எடுத்தார், மறுபடி வைத்தார். மூன்று செங்கல், மேலே ஓர் ஓட்டுத் துண்டு. "இவ்ளோதான்" என்றார். தச்சர் அளந்துகொண்டார்.

பலகை வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் பாதிக் கூடை மீன் அப்படியே திரும்பிப் போனது. ஐந்தாம் நாள், பழைய அரிவாளைப் பொருத்திய புதுப் பலகையை அவர் முன்னால் வைத்தேன். வீடு தரைமட்டமாகி இருந்தது. அவர் உட்கார்ந்து, காலை நீட்டி, ஒரு சங்கரா மீனைச் செதில் சீவி வெட்டினார். "கரெக்டா கீது."

அப்பாடா என்றிருந்தது. கோட்டூர்புரத்தில் அடுத்த வீடு; ஆட்டோவை நிறுத்தியே வைத்திருந்தேன்.

"நல்லாத்தான் கீது. வியாபாரம் முடிஞ்சா இத்த எங்கம்மா வெக்கறது? கூடையோட இத்தயும் தூக்கினு என்னால நடக்க முடியாது."

படி இருந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே மண்ணை நிரவிக்கொண்டிருந்தார்கள்.

"எதிர்ல கேட்டீங்களா?"

"அது ஃபிளாட்டு. வாட்ச்மேன் கேட்டாண்ட நிக்கவே வுட மாட்டான்."

என் வீட்டில் வையுங்கள் என்று வாய் வரை வந்தது. எங்கள் அடுக்ககத்தில் படிக்குக் கீழே செருப்பு விடுவதற்கே சங்கத்தில் கேட்க வேண்டும். அதோடு, நான் இருப்பது அடையாறில்.

"நீ கெளம்பும்மா. உனுக்கு வேலை கீது" என்றார் அவர்.

ஆட்டோவை அனுப்பிவிட்டேன். எத்தனையோ வீடுகளைக் காலி செய்தவள் நான். ஒரு பலகையை வைக்க இடம் தெரியாமல், அவர் வியாபாரம் முடியும் வரை பக்கத்தில் அந்தச் செங்கற்கள் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.