மூன்று ஜிலேபிக் கெண்டையில் யார் ரவுடி?

ஒரே தொட்டியில் மூன்று ஜிலேபிக் கெண்டை வளர்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

நான் வளர்த்தேன். அறுபதுகளில், கைலாசபுரம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேலை செய்யும் இடத்தில் விழுந்து கால் எலும்பு முறிந்து, என் கணவர் மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தார். மூன்றாவது வாரத்தில் பேச்சே நின்றுவிட்டது. எதைக் கேட்டாலும் "ம்" மட்டும்தான். எனக்குப் பயமாக இருந்தது.

கூட வேலை பார்ப்பவர்கள் பழைய ஆங்கிள் இரும்பை வெல்டிங் செய்து, கண்ணாடி பதித்து, ஒரு மீன் தொட்டி கொண்டுவந்து வைத்தார்கள். (முதல் இரண்டு நாள் ஒழுகியது. துடைத்தது நான்.)

உய்யக்கொண்டான் வாய்க்காலில் வலை போட்டவரிடம் உயிரோடு வாங்கிய மூன்று கெண்டைகளை அதில் விட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்.

அன்று மாலை அவர் வாய் திறந்தார்.

"அந்த மூலையில இருக்கறதப் பாரு. மணலை வாயில அள்ளி அள்ளித் துப்புது."

நான்கு நாளில் அந்த மீன் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. குழி தோண்டி அதன் நடுவில் நின்றுகொண்டு மற்ற இரண்டையும் விரட்டியது. ஒன்றுக்கு வால் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது.

"கருப்பன்தான் ரவுடி. அவனைத் தூக்கி துணி துவைக்கிற தொட்டியில போடு" என்றார்.

போட்டேன். மறுநாள், வால் கிழிந்த மீன் மூன்றாவதைத் துரத்தித் துரத்திக் கடித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, நேத்து அடி வாங்கினது இதுதானே?"

"இதுதான்."

"அப்புறம் இது ஏன் அடிக்குது?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

வால் கிழிந்ததை வெளியே எடுத்துக் கருப்பனை உள்ளே விட்டோம். கருப்பன் அடித்தான். மறுபடி மாற்றினோம். மற்றது அடித்தது. அந்த வாரம் முழுக்க நான் பக்கெட்டும் கையுமாக அலைந்தேன். யாரைக் காப்பாற்றுகிறேன், யாரைத் தண்டிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஜமீலா வந்து பார்த்தாள். பெரிய கடை வீதிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள், என் வயதுதான்.

"உள்ள இருக்கிற கல்லையெல்லாம் இடம் மாத்தி வைங்க. குழியை மூடுங்க. ஒளிஞ்சுக்க ரெண்டு உடைஞ்ச சட்டி போடுங்க. எடம் புதுசா இருந்தா எவனும் என் எடம்னு சொல்ல முடியாதுல்ல?"

அப்படியே செய்து மூன்றையும் ஒன்றாக விட்டோம். இரண்டு நாள் அமைதி.

மூன்றாம் நாள், அந்த மூன்றாவது மீன் சாப்பிடவில்லை. தொண்டை வீங்கியிருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு சட்டிக்குள் பதுங்கியிருந்தது.

"தாடையில அடிச்சிட்டானுங்க. பொழைக்காது" என்றார் அவர். அன்று மதியம் அவரும் சாப்பிடவில்லை. எனக்கு மீனைவிட அவரைப் பற்றித்தான் கவலை.

தொட்டி செய்தவர்கள் மிச்சம் என்று விட்டுப்போன கண்ணாடியைத் தொட்டியின் நடுவில் தடுப்பாக நிறுத்தினேன். ஒரு பக்கம் நோயாளி, மறுபக்கம் கருப்பன். வால் கிழிந்ததற்குத் துவைக்கிற தொட்டியே நிரந்தரமானது. (துணியை நான் பக்கெட்டில் துவைத்துக்கொண்டேன்.)

பத்து நாளுக்கு மேல் நோயாளி மீன் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. ஆனால் சாகவும் இல்லை.

ஒரு காலை, தண்ணீர் மாற்றப் போனேன். அந்த மீனைச் சுற்றிக் கடுகு கடுகாக ஏதோ நீந்தியது. உற்றுப் பார்த்தால் குஞ்சுகள். நான் குனிந்ததும் அது வாயைத் திறந்து அவற்றை உள்ளே இழுத்தது.

"ஏங்க, பெத்த புள்ளைங்களையே தின்னுது" என்று கத்திவிட்டேன்.

அவர் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் தத்தி வந்தார். மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

கையைப் பார்த்ததும் மிச்சக் குஞ்சுகள் தாமாகவே ஓடிப்போய் அந்த வாய்க்குள் புகுந்துகொண்டன.

அவர் கையை வெளியே எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் அது வாயைத் திறந்தது. அத்தனையும் உயிரோடு வெளியே வந்தன.

"அப்போ அது வீக்கம் இல்லையா?"

"புள்ளைங்களை வாய்க்குள்ள வச்சிருந்திருக்குடி, இத்தனை நாளா."

கட்டுப் போட்ட பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கட்டுப் பிரித்ததும் தாயையும் குஞ்சுகளையும் வால் கிழிந்ததையும் பக்கெட்டில் அவரே மெல்ல எடுத்துப்போய் வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தார். கருப்பன் மட்டும் தொட்டியில் தனியாக இருந்தான்.

வேலைக்குத் திரும்பிய ஒரு வாரத்தில், சாயங்காலம் வந்து தொட்டியைப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"கருப்பன் எங்க?"

"அதோ இருக்கானே."

"இது வெளுப்பா இருக்கு. நீ வேற மீன் வாங்கி விட்டுட்டியா?"

சத்தியமாக நான் மாற்றவில்லை. அடிக்க ஆள் இல்லாமல் அது தானாகவே வெளுத்துவிட்டது.

அவர் இன்றுவரை நம்பவில்லை. மீன் வளர்ப்பவர்கள் யாராவது வந்து அவரிடம் கொஞ்சம் சொல்லுங்களேன்.