ஆண்டெனாவில் கட்டிய எலுமிச்சை

ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் சிக்னல் பிரிவில் இருந்த ராஜபாளையம் சமுத்திரத்துக்குப் பொய் சொல்ல வராது. லடாக்கில் ஆண்டெனா ஒடிந்த அன்று, உறைந்துபோன தன் மீசையையே ரேடியோவில் சொருகி டில்லியோடு பேசினேன் என்பார். அது ஒன்றுதான் கொஞ்சம் கூடுதல்.

மலையில் மழை பிடித்த அன்றைக்கு அந்த வாய் உலர்ந்து கிடந்தது. மகள் கல்பனா கல்லூரிக் குழுவோடு சாம்பல் அணில் கணக்கெடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்குப் போயிருந்தாள். மேலே செல்போன் எடுக்காது. அவளும் அப்பாவைப் போல ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவள் என்பதால் கையில் ஒரு ரேடியோ. நாலு மணிக்கு அப்பாவோடு பேசிவிட்டு, நாலரைக்கு ஓடையைக் கடந்து இறங்குவதாக ஏற்பாடு. அந்த ஓடையில்தான் இப்போது வெள்ளம்.

அடிவாரத்தில், ரேடியோவும் கேரியரில் ஆண்டெனாவும் பொருத்திய பைக்கை நிறுத்தும்போது மணி நாலு. கூப்பிட்டார். பதிலில்லை. நாலு பத்து. வழியெல்லாம் வேகத்தடை, ஆண்டெனா ஆட்டம் கண்டிருக்கும் என்று கேரியர் நட்டை முறுக்கினார். மனைவி யோகேஸ்வரி தறியில் நெய்த பேண்டேஜ் துணியை எடுத்து அடியிலிருந்து சுற்றினார். காலையில் அவள் திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சை மிளகாயை மட்டும் பயபக்தியோடு விட்டுவிட்டுச் சுற்றினார்.

"என்னண்ணே, வண்டிக்குக் கையி ஒடிஞ்சு போச்சா?" என்றார் வனக்காவலர் லிங்கேஸ்வரன்.

"செத்த நேரம் சும்மா இருப்பா. பிள்ளை எறங்கிருவா."

மறுபடி கூப்பிட்டார். இரைச்சல்கூட ஒழுங்காக வரவில்லை. நாலு இருபத்தைந்து. இனி சாமிதான் என்று எலுமிச்சையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனார். விரலில் சுருக்கென்று குத்தியது.

நூல் இல்லை, கட்டுக்கம்பி. காற்றில் அறுந்துவிடக் கூடாதென்று, ஆண்டெனாவையும் கேரியரையும் சேர்த்து இறுக்கியிருந்தாள் புண்ணியவதி. ஆண்டெனா வண்டியின் இரும்பைத் தொட்டால் ரேடியோ ஊமை. இதைச் சமுத்திரம் எத்தனை சிப்பாய்களுக்குச் சொல்லியிருப்பார்!

கம்பியைப் பிய்த்தெடுத்தார்.

"...அப்பா, கேக்குதா? நாங்க ஓடைக்கிட்ட வந்துட்டோம். ஓவர்."

"தண்ணியில கால வைக்காத, தாயி. எல்லாரும் மேட்டுக்கு ஏறுங்க. ஆளக் கூட்டிட்டு வாரேன்."

"ஏறுறோம்ப்பா. ஓவர்."

லிங்கேஸ்வரன் கயிறு எடுக்க ஓடினார். செல்போனில் யோகேஸ்வரி.

"பிள்ள தப்பிச்சாளா? நான் கட்டுனது வண்டியில இருக்குல்லா?"

"இருக்கு, இருக்கு," என்றார் சமுத்திரம், சட்டைப்பையில் புடைத்த எலுமிச்சையை அமுக்கிக்கொண்டே.